இரண்டு பனைமரம்

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறுவதற்கென்றே பிறந்தவர் தளவாய். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கூடத்தில் முப்பது வருஷம் குடுவை கழுவி ஓய்வு பெற்றவர். அறுபது முடிந்த கையோடு, பழங்காசில் இருக்கும் உருவத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்தெடுக்கும் வேலையைக் கற்றுக்கொள்ள ஜெனோவாவிடம் வந்து சேர்ந்தார்.

ஜெனோவாவுக்கு முப்பத்திரண்டு. தளவாயின் மூத்த மகளைவிட இளையவள். ஆனாலும் பள்ளிக்கூடத்து வழக்கம் லேசில் விடுமா? அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மயிரிழை மாதிரி ஒரு பிளேடு மேசை நடுவே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். காசில் ஒரு துளை போட்டு, அதற்குள் பிளேடை நுழைத்து மாட்டி, காசைக் கையால் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். பிளேடு நகராது, கைதான் நகர வேண்டும். தளவாயின் கையோ தானாகவே நகரும். ஒரு நாளைக்கு எட்டு பிளேடு உடைப்பார். "இந்த நடுக்கம் எப்போ டீச்சர் போகும்?" என்று வாரத்துக்கு ஒரு தடவை கேட்பார். ஜெனோவா இன்னொரு பிளேடை எடுத்து நீட்டுவாள். அதுதான் பதில்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் கொடுத்த காசை எடுத்ததும் அறுக்கக் கூடாது. அதே மாதிரி இன்னொரு காசைத் தேடிப் பிடித்து, முதலில் அதை அறுத்துப் பழக வேண்டும். அதற்கு ஜோடிக்காசு என்று பெயர்.

மதலேனம்மா கொண்டு வந்தது இலங்கைச் செம்புச் சதம், நடுவில் ஒரு பனைமரம் நிற்கும். அவள் புருஷன் கொழும்பு துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டு வந்த காசு. சாகும்வரை அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. மரத்தை மட்டும் நிறுத்தி அறுத்துக் கொடுங்கள், கழுத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தாள். நாளைக் காலையில் அவர் இறந்து ஒரு வருஷம் நிறையும் பூசை. இன்றைக்கு நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஜோடிக்காசு மத்தியானம்தான் கிடைத்தது. வருஷம்கூட அதே வருஷம். இது பச்சைக் களிம்பு ஏறியது. மதலேனம்மாவின் காசு கன்னங்கறுப்பு. கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று தளவாய் ஒரு டம்ளரில் புளியும் உப்பும் கரைத்தார். இரண்டு காசையும் அதற்குள்ளேயே போட்டார். முப்பது வருஷக் கை அல்லவா? தேய்த்த தேய்ப்பில் இரண்டும் நேற்று அடித்த காசு மாதிரி செக்கச்செவேல் என்று வெளியே வந்தன.

துணியில் துடைத்து மேசையில் வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எது யாருடையது?

புரட்டினார். எடை பார்த்தார். வெயிலில் காட்டினார். ஒரு கீறல்கூடப் பிடிபடவில்லை. மணி இரண்டேகால்.

ஜெனோவா வந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னாள்.

தளவாய் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணை அறுத்துக் குடுத்துருவோம் டீச்சர். பாதிக்குப் பாதி அதுவாத்தான் இருக்கும். அவங்களுக்கு எப்படித் தெரியப்போவுது?"

ஜெனோவா பசைப் புட்டியைத் திறந்தாள். ஒரு காசின் முதுகில் பசை தடவினாள். மரத்துக்கு நேர் மரம் வைத்து, அதை இன்னொன்றின் மேல் அழுத்தினாள். இரண்டும் ஒரே கனத்த காசாக ஒட்டிக்கொண்டன. அதை அவர் முன்னால் வைத்தாள்.

தளவாய்க்குப் புரிந்தது. இரண்டையும் ஒரே அறுப்பில் அறுத்து, இரண்டையும் மதலேனம்மாவிடமே கொடுத்துவிட வேண்டும்.

"பிளேடு தடம் மாறிச்சுன்னா ரெண்டுமே போயிருமே டீச்சர்."

"ஆமா."

தளவாய் காசை அவள் பக்கம் தள்ளினார். நீங்களே அறுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார்.

"கழுவினது யாரு?" என்றாள் ஜெனோவா.

உட்கார்ந்தார். முதல் துளையில் கை நடுங்கியது. இரண்டாவதிலும் நடுங்கியது. மட்டைக்கும் மட்டைக்கும் நடுவே பிளேடு மாட்டிக்கொண்டு பட்டென்று உடைந்தபோது, தாயே பனிமய மாதாவே என்று வாய்விட்டுக் கும்பிட்டார்; இத்தனைக்கும் அவர் திருச்செந்தூர் முருகனைக் கும்பிடுகிறவர். காசில் சேதமில்லை. புதுப் பிளேடு மாட்டினார். நடுங்குகிற கையை நிறுத்தப் பார்ப்பதை எப்போது விட்டார் என்று அவருக்கே நினைவில்லை. கை நடுங்கியது, காசு நகர்ந்தது, கோடு தப்பவில்லை. நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பசையைக் கரைத்துப் பிரித்தார்கள். அச்சு அசலாக இரண்டு பனைமரம்.

மதலேனம்மா நாலு மணிக்குச் சரியாக வந்துவிட்டாள். தளவாயின் உள்ளங்கையில் சிவப்பாக இரண்டைக் கண்டதும் முகம் மலர்ந்து, இது யாருக்குச் செய்தது, என்னுடையது எங்கே என்று கேட்டாள்.

தளவாய் ஜெனோவாவைப் பார்த்தார். அவள் உடைந்த பிளேடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வேறு வழியில்லை. கழுவியதையும் கலந்ததையும் அவரே சொன்னார். இரண்டில் ஒன்று நிச்சயம் உங்களுடையது, எது என்று மட்டும் தெரியவில்லை, இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

மதலேனம்மா கலந்ததைக் கேட்கவே இல்லை. கழுவியதைத்தான் கேட்டாள்.

"கழுவுனியளா?"

"அழுக்கா இருந்துச்சும்மா."

"அழுக்கா? அது அவுக கை பட்ட கறுப்புல்லா. ஒரு வருசமா நான் ஈரத்துணிகூட அதுல படவிடலையே."

தளவாய் நின்ற இடத்திலேயே கூசிப்போனார். மதலேனம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. இரண்டு காசையும் முந்தானையில் முடிந்துகொண்டு, யார் முகத்தையும் பாராமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

தளவாய் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். டீச்சர் மேல்தான் பாய்ந்தார்.

"ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருக்கலாமே டீச்சர். நீங்க சொன்னா மனசு ஆறியிருக்கும். இப்படிக் கோவத்தோடயே போறாங்களே."

ஜெனோவா மேசையில் கிடந்த செம்புத் தூளைக் கையில் கூட்டி அள்ளினாள்.

"காசு அவங்களுது. கோவமும் அவங்களுதுதான் அண்ணாச்சி. நம்மகிட்ட அறுக்கச் சொன்னது காசை மட்டும்தான்."