காலாவதியான வீடு

கோணமங்கலத்து ஆட்களை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். வரிசையில் நில்லுங்கள் என்று போர்டு வைத்தால், கடையை மூடிப் பூட்டிய பிறகும் நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது. வேண்டாத வேலைதான்.

அதை வாங்கியவர் ஏகாம்பரம். வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். சடகோபன், குப்பாண்டி என்று இரண்டு உதவியாளர்கள். பிளான் போடும் மென்பொருளை ஏதோ ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்திருந்தது. முழுசாக விற்பனைக்கு வருமுன் சும்மா பயன்படுத்திப் பாருங்கள் என்று கொடுக்கிற முன்னோட்டப் பதிப்பு. அதில் மூன்று பேரும் சேர்ந்து உருப்படியாக முடித்தது ஒரே ஒரு பிளான், அரங்கசாமியின் வீடு. அவரும் வீட்டைக் கட்டிக் குடிபோய், ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. சடகோபன் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"இந்த முன்னோட்டப் பதிப்பு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியோடு காலாவதியாகிறது. அதன்பின் இதில் நீங்கள் செய்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் அதில் எதையும் சேர்க்கவோ, நீக்கவோ, இடம் மாற்றவோ முடியாது."

ஏகாம்பரம் திரையருகே குனிந்தார். இதில் நாம் செய்த வேலை எது என்று கேட்டார். அரங்கசாமி வீடு என்றான் குப்பாண்டி.

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்த வீட்டுல ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாதா?"

"பார்க்கலாம்னு போட்டிருக்குண்ணே" என்று சடகோபன் ஆறுதல் சொன்னான்.

வேறு ஊராக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஏகாம்பரம் தொழிலில் நேர்மையானவர். மூன்று பேரும் செருப்புகூடப் போடாமல் அரங்கசாமி வீட்டுக்கு ஓடினார்கள்.

அங்கே கல்யாணக் களை. அரங்கசாமியின் ஒரே மகள் செண்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயிலில் கல்யாணம். அந்த வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, கட்டிலில் படுத்திருந்த மச்சினனைத் தவிர. அரங்கசாமியின் மனைவி பொன்னுத்தாயியின் தம்பி வெயிலுமுத்து, வீடு குடிபோன அன்று விருந்து சாப்பிட வந்தவர். இன்னும் கை கழுவவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அரங்கசாமி தினமும் காலையில் கட்டிலருகே போய், "என்ன மாப்ள, ஊருக்கு எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்பார். வெயிலுமுத்து புரண்டு படுத்து, "வெயில் தாழட்டும் அத்தான்" என்பார். ஐப்பசி அடைமழையிலும் இதே பதில்தான்.

அறிவிப்பைக் கேட்டதும் அரங்கசாமி முதலில் கண் கலங்கினார். பிறகு 'நீக்க முடியாது' என்பது மெல்ல உறைத்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டாமா என்று பொன்னுத்தாயி சண்டைக்கு வந்தாள். கோயிலுக்குத் தாராளமாக வரட்டும், வீட்டில் ஆயுசுக்கும் வேண்டாம் என்றார் அரங்கசாமி. அந்த மனுஷன் அத்தனை உறுதியாகப் பேசி அவள் பார்த்ததில்லை.

அடுத்த இரண்டு நாளும் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. இனி எதையும் சேர்க்க முடியாது என்பதால் ஆயுசுக்கும் வேண்டிய உப்பு, புளி, மிளகாய் எல்லாம் மூட்டை மூட்டையாக உள்ளே போயின. பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் போனது. அரங்கசாமி தனக்கு வயசானால் ஊன்றிக்கொள்ள ஒரு கைத்தடியையும் மூலையில் சாத்தி வைத்தார். மின்விசிறி பற்றித்தான் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. ஆறு மணிக்கு ஓடினால் என்றைக்கும் ஓடும், நின்றால் நின்றதுதான். சித்திரையையும் மார்கழியையும் சேர்த்து யோசித்து ஒன்றாம் நம்பரில் வைத்தார்கள்.

பொருள்களுக்கு வழி பண்ணியாகிவிட்டது. மனுஷர்களுக்கு என்ன செய்வது என்று வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் யோசித்தார்கள்.

"உள்ளே இருக்கிறவங்க வெளியே வர முடியாது. வெளியே போனவங்க உள்ளே வர முடியாது" என்றார் ஏகாம்பரம்.

"அப்ப ஞாயித்துக்கிழமை பொண்ணு எப்படிக் கோயிலுக்கு வரும்?" என்று கேட்டார் அரங்கசாமி.

"இப்பவே வெளியே அனுப்பிடுங்க."

"தலைப்பிரசவத்துக்கு எப்படி உள்ளே வரும்?"

பொன்னுத்தாயி அழத் தொடங்கினாள். தொட்டிலை வேறு உள்ளே போட்டாகிவிட்டதே என்று செண்பகமும் சேர்ந்து அழுதாள். ஒரு பெண்ணின் கல்யாணம் தான் போட்ட பிளானால் நின்றுவிடுமோ என்று ஏகாம்பரமும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்பாண்டி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"அண்ணே, பிளான்ல வாசப்படி வெறும் கோடுதானே? கோட்டு மேல உக்காந்திருந்தா உள்ளேயும் சேத்தி இல்ல, வெளியேயும் சேத்தி இல்ல."

ஏகாம்பரம் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வெயிலுமுத்துவைக் கட்டிலோடு தூக்கி எதிரே வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. அரங்கசாமி, பொன்னுத்தாயி, செண்பகம் மூவரும் வாசற்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆறு மணி அடித்தது. ஊரே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது. பார்க்கலாம் என்றுதான் போட்டிருந்ததே. பக்கத்து வீட்டம்மாள் கொடுத்த இட்லியை மூவரும் தலையைத் தெருப்பக்கம் நீட்டிச் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை. வேப்பமரத்து நிழல் நகர்ந்து வெயில் முகத்தில் அடித்ததும் வெயிலுமுத்து எழுந்தார். கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். வாசற்படியில் இருந்த மூவரையும் ஒரே தாண்டாகத் தாண்டி உள்ளே போய், கட்டிலைப் பழைய இடத்தில் போட்டுப் படுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடினார்கள். ஏகாம்பரத்தைக் கூட்டி வந்தார்கள்.

"மச்சினன் உள்ளே போயிட்டாரு" என்றார் அரங்கசாமி.

"போக முடியாதே."

"குறட்டை கேக்குது."

ஏகாம்பரம் காதைத் தீட்டிக் கேட்டார். குறட்டைதான். மரணச் செய்தி சொல்கிறவரைப் போல மெதுவாகச் சொன்னார்.

"கம்பெனிக்காரன் எழுதினது பொய்யா இருக்காது. உங்க வீட்டுல இனிமே யாரும் சேர முடியாது. இதுல ஒரு ஆள் சேர்ந்துட்டாரு. அப்ப இது உங்க வீடே இல்ல."

அரங்கசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் யாரோ ஒருவர் வீட்டிலா சமைத்துச் சாப்பிட்டோம்? மூவரும் சட்டென்று எழுந்து தெருவில் இறங்கினார்கள். பொன்னுத்தாயி மட்டும் திரும்பி வந்து, மரியாதைக்கு வாசலைப் பெருக்கிவிட்டுப் போனாள்.

ஏகாம்பரமும் உதவியாளர்களும் சேர்ந்துகொள்ள, சொந்த வீட்டைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தார்கள். மேலத்தெருக் கோடியில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு காசிக்குப் போயிருந்தார். குப்பாண்டி கதவைத் தள்ளினான், அசையவில்லை. சடகோபன் ஜன்னலை உலுக்கினான், அதுவும் அசையவில்லை.

"எதையாவது சேர்க்க முடியுதா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"முடியல."

"நீக்க?"

"முடியல."

"பார்க்க?"

"நல்லா முடியுதுண்ணே."

அரங்கசாமி கதவில் கன்னத்தை வைத்து அழுதார். உப்பு, புளி, தொட்டில், கைத்தடி எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் அவரைத் தேற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பெண்தான் எந்த வீட்டிலும் இல்லையே, தடுக்க என்ன இருக்கிறது? கோயில் மண்டபத்தில் நல்ல நிழல் என்பதால் தாய்மாமனும் வந்து மாலை எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்ததும் அரங்கசாமிக்கும் பொன்னுத்தாயிக்கும் தங்க இடமில்லை. வெயிலுமுத்துவிடம் போய், உங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்துகொள்ளலாமா என்று கூச்சத்தோடு கேட்டார்கள். அவர் பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார். தினமும் சாயங்காலம் இருவரும் மேலத்தெருவுக்குப் போய்த் தங்கள் வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவார்கள்.

அப்படியே ஐப்பசி வந்தது. ஒரு நாள் காலை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெயிலுமுத்து கட்டிலிலிருந்து தலையை நீட்டி, கீழே பாயில் படுத்திருந்தவரைப் பார்த்தார்.

"என்ன அத்தான், ஊருக்கு எப்ப கிளம்புறீங்க?"

அரங்கசாமி புரண்டு படுத்தார்.

"வெயில் தாழட்டும் மாப்ள."