நரி கிழிக்காமல் கடித்த புபுசா

எரிமலை அடிவாரத்துக் காட்டில், ஒரு குளக்கரையோரம், தோமாசா என்ற முயல் புபுசா சுட்டுக் காட்டுக்கே கொடுத்துவந்தது.

புபுசா எல் சால்வடோர் நாட்டுப் பண்டம். நம் போளிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இனிக்காது. மக்காச்சோள மாவை உருட்டி, நடுவில் குழித்து, பீன்ஸ் மசியலும் பாலாடைக்கட்டியும் வைத்து, ஓரத்தை இழுத்து மூட வேண்டும். பிறகு இரண்டு கைக்கும் நடுவே தப், தப் என்று தட்டி, மண் ஓட்டில் போட்டுச் சுட வேண்டும். தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்.

தோமாசாவுக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும் புபுசாவை இலையில் வைத்துவிட்டுச் சொல்லும்: "ரெண்டு கையாலயும் கிழிங்க. ஆவி போகட்டும். மேல முட்டைக்கோஸ் போட்டுக்கங்க. அப்புறம் வாயில வைங்க!"

"தெரியும்கா! நேத்தும் இதையேதான் சொன்னே!" என்று அணில் அலுத்துக்கொள்ளும்.

"நேத்துச் சொன்னது நேத்துப் புபுசாவுக்கு!" என்று முயல் பதில் சொல்லும்.

ஒரு நாள் மத்தியானம் புதர் அசைந்தது. அணில் ஒரே தாவலில் மரத்தின் மேல் ஏறியது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. தோமாசா மட்டும் மாவும் கையுமாகக் குனிந்து நின்றிருந்தது. யாரோ அதன் காதைக் கொத்தாகப் பிடித்தார்கள்.

நரி!

"அட! சாப்பாடே சமையல் பண்ணுதே!" என்று சிரித்தது நரி.

தோமாசா கெஞ்சியது: "அண்ணே! விட்டுடுங்கண்ணே! என் மேல என்ன பெருசா கறி இருக்கப்போகுது?"

"இருக்கறது போதும்!" என்ற நரி மூக்கை உயர்த்தியது. "அது என்ன வாசனை?"

"பாலாடைக்கட்டி உருகுது அண்ணே."

நரிக்கு நாக்கில் நீர் ஊறியது. ஒரு யோசனையும் ஊறியது. "உன்னையே மாவுக்குள்ள வெச்சுச் சுட்டா எப்படி இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் உள்ளே போயிட்டா ஓரத்தை யாரு மூடுறது?"

நரி தன் நகங்களைப் பார்த்தது. மாவுக் குழியையும் பார்த்தது. "அதுவும் சரிதான். அப்போ முதல்ல அது. அப்புறம் நீ!"

நரி காதை விடவில்லை. தோமாசா அந்த நிலையிலேயே ஓட்டில் கிடந்த புபுசாவைத் திருப்பிப் போட்டது. இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சிவந்ததும் எடுத்து இலையில் வைத்தது. காது நரியின் பிடியில் இருந்தாலும், வாய் பழக்கத்தை விடவில்லை.

"ரெண்டு கையாலயும் கிழிங்கண்ணே. ஆவி போகட்டும். மேல முட்டைக்கோஸ்..."

"நிறுத்து!" என்றது நரி. "ரெண்டு கையாலயா? அப்போ உன் காதை யாரு பிடிப்பா? உங்க பாட்டனா?"

"ஐயோ, அது அப்படிச் சாப்பிடுற பண்டம் அண்ணே!"

"தெரியுமே! நான் கிழிப்பேன், நீ ஓடுவே!"

"சரி, நானே கிழிச்சுத் தரட்டுமா?"

"கிழிக்கற சாக்குல உள்ளே எதையாவது தூவிடுவே!"

"அப்போ கொஞ்சம் ஆறட்டும். காத்திருங்க."

"காத்திருக்கணுமா? யாரை வரச் சொல்லியிருக்கே? காட்டுப்பன்றியையா?"

"சத்தியமா இல்லண்ணே! மேலதான் ஆறின மாதிரி இருக்கு. உள்ளே கொதிக்குது! முட்டைக்கோஸாவது வெச்சுக்கங்க, கொஞ்சம் சூடு தணியும்!"

"அந்தப் புளிச்ச தண்ணியிலதான் விஷமா? நல்லவேளை சொன்னே!"

இந்த வாக்குவாதம் முடிவதற்குள் குளத்துக் காற்றில் புபுசாவின் மேல்தோல் ஆறிவிட்டது. நரி விரலால் தொட்டுப் பார்த்தது. சுடவில்லை.

"கொதிக்குதாமே! பொய்க்காரி! சாகப்போறவ எவளாவது கொல்ல வந்தவனுக்கு நல்லது சொல்லுவாளா? நீ சொன்னதுக்கெல்லாம் தலைகீழாச் செய்யறேன் பார்!"

அப்படியே செய்தது. கிழிக்கவில்லை. காத்திருக்கவில்லை. முழுப் புபுசாவையும் ஒற்றைக் கையால் எடுத்து வாய்க்குள் திணித்து, நறுக்கென்று கடித்தது.

உள்ளேயிருந்த ஆவி அத்தனையும் ஒன்றாகக் கிளம்பியது. கொதிக்கும் பாலாடைக்கட்டி மேலண்ணத்தில் அப்பியது. பீன்ஸ் மசியல் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. துப்பலாம் என்றால் வரவில்லை. விழுங்கலாம் என்றால் போகவில்லை!

"ஹா! ஹா! ஹூ!" என்று நரி குதித்தது. முயலின் காதை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் வாயைப் பிறாண்டியது. கடைசியில் தலைகுப்புறக் குளத்தில் பாய்ந்தது. தண்ணீர் பட்டதும் பாலாடைக்கட்டி இறுகிப் பல்லோடு பல்லாக ஒட்டிக்கொண்டது. நரி உறுமிப் பார்த்தது. "ம்ம்ம்" என்றுதான் கேட்டது.

தோமாசா அதற்குள் முள்புதருக்குள் போய்விட்டது.

நரி எதிர்க்கரைக்கு நீந்திப் போனது. பிறகு ஆமை தலையை நீட்டியது.

"பெரிய ஆளுதான் தோமாசா நீ! அவன் நம்பமாட்டான்னு தெரிஞ்சேதான் உண்மையைச் சொன்னியா?"

"நீங்க வேற! பயத்துல எனக்குப் பொய்யே வரல!" என்றது முயல், காதைத் தடவிக்கொண்டே. "நான் சொன்னபடி அவன் ரெண்டு கையாலயும் கிழிச்சிருந்தா, நான் அப்பவே ஓடியிருப்பேன். அவன் வாயாவது தப்பிச்சிருக்கும்!"

எதிர்க்கரையில் நரி ஒருவழியாகப் பல்லைப் பிரித்து, வெந்த நாக்கைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தது: 'எவ்வளவு பெரிய கள்ளி! ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருந்தா நான் பிழைச்சிருப்பேனே!'

எல்லோரும் தன்னைப் போலவே ஏமாற்றுவார்கள் என்று நினைப்பவன், பிறர் சொல்லும் உண்மையாலேயே ஏமாந்துபோவான்.