ஆறு மணிச் செய்தி

"நல்லது சொன்னாலும் தடுக்காங்களே டீச்சர், நான் என்னதான் செய்ய?"

சவரிமுத்து உட்காரக்கூட இல்லை. படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் ஒரு காகிதம் கசங்கிக் கிடந்தது.

கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அந்த ஒற்றை அறை. கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளை, தடைசெய்யப்பட்ட விஷயம் இருக்கிறது என்று அலைபேசி நிறுவனங்கள் மறுத்துவிட்டால், அனுப்பியவர்கள் வந்து நிற்கும் இடம் அது. நாற்காலியில் இருந்தவள் செண்பகவல்லி. வயது முப்பத்து நான்கு. முன்பு சென்னையில் அப்படியொரு நிறுவனத்தில் ஏழு வருஷம் மறுக்கும் வேலையே பார்த்தவள். ஊர் வியாபாரிகள் அவளைக் கேலியாக டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது யாரும் கேலியாகக் கூப்பிடுவதில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டாள். அது எந்த நேரத்தில் போகவேண்டுமோ அந்த நேரம் வரை எழுதியவரை உட்கார வைப்பாள். பிறகு அதை அவருடைய போனுக்கே அனுப்புவாள். அவ்வளவுதான் வைத்தியம்.

போன தீபாவளிக்கு ஒரு மிட்டாய்க் கடைக்காரர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பரிசு விழுந்திருக்கிறது என்று தான் எழுதிய செய்தி தன் போனுக்கே வந்ததும், "பரிசை எங்கம்மா போய் வாங்கணும்?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் பரிசு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சவரிமுத்து மிட்டாய் விற்கிறவர் அல்ல.

"உட்காருங்க அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி.

உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. குடியை விட வருகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே ஓர் இல்லம் நடத்துகிறார். அவரும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர்தான். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இல்லத்திலிருந்து குணமாகிப் போன ஒவ்வொருவருக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு செய்தி போகும். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை, இந்தத் திங்கட்கிழமை வரை.

"எதுக்கு மறுத்தாங்க?"

"மதுன்னு இருக்காம். குடிக்காதேன்னு சொல்லுறதுக்கு அந்த வார்த்தை வேண்டாமா டீச்சர்?"

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சரக்குன்னு மாத்திப் போட்டேன். அதையும் தள்ளிட்டான்."

"அப்புறம்?"

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "எழுத்துக்கு நடுவுல புள்ளி வச்சுப் போட்டேன். கண்டுபிடிக்கமாட்டான்னு நெனச்சேன்."

"கண்டுபிடிச்சுட்டாங்க."

"மறைச்சு எழுதினது குத்தமாம். இன்னொரு தடவை தப்பா வந்துச்சுன்னா செய்தி அனுப்புற எங்க பேரையே முடக்கிருவாங்களாம். அதுக்கப்புறம் ஒரு வரிகூட யாருக்கும் போகாது." அவர் குரல் இறங்கியது. "அஞ்சு நாளாப் போகலை. எனக்குப் பயமா இருக்கு டீச்சர்."

செண்பகவல்லி கையை நீட்டினாள். அவர் காகிதத்தைக் கொடுத்தார். எண்களின் பட்டியல் மேலேயும் செய்தி அடியிலும் இருந்தன. அவள் விரலை வைத்து மெதுவாகக் கீழே வந்தாள்.

"எத்தனை பேருக்கு அனுப்புறீங்க?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"பதிமூணு இருக்கே."

"கடைசி நம்பர் என்னோடது. போயிருச்சான்னு பாக்குறதுக்கு."

அவள் நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலேமுக்கால்.

"இன்னைக்கு சனிக்கிழமை" என்றார் சவரிமுத்து. "லேத் பட்டறையில எல்லாம் சம்பள நாளு. கொம்பையான்னு ஒருத்தன். குடியை விட்டுப் பதினாலு மாசம் ஆகுது. மதியம் சம்பளத்தை வாங்கிட்டுப் போனவன் வீட்டுக்கு வரலை. அவன் பொண்டாட்டி எனக்குப் போன் போட்டு அழுவுது. நான் கூப்பிட்டா மணி அடிக்குது, எடுக்கமாட்டேங்கான். தேடிப் பாக்க ரெண்டு பேரை வண்டியில அனுப்பியிருக்கேன்."

"முன்னாடி ஏதும் சொன்னாரா?"

"புதன்கிழமை போன் போட்டான். 'அண்ணாச்சி, ஆறு மணிக்கு உங்க மெசேஜ் வரலையே, என்னைய மறந்துட்டீகளா'ன்னு கேட்டான். கம்பெனிக்காரன் தடுத்துட்டான்யான்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டான்." அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "உங்களுக்கு அங்க ஆளுகளைத் தெரியும். எப்படியாவது ஆறு மணிக்குள்ள இதைப் போக வைங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஆறு மணி ஆகட்டும் அண்ணாச்சி."

"ஆறு மணி ஆயிட்டா எல்லாம் போச்சும்மா!"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. எழுந்தார். வாசல்வரை போனார். போய் என்ன செய்வது? இந்த ஊரில் இதற்கு வேறு ஆள் கிடையாது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

செண்பகவல்லி காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் போனில் பொறுமையாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். ஒரு காலையோ புள்ளியையோ விடாமல் அவர் எழுதியதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்தரைக்கு சவரிமுத்துவின் போன் அடித்தது. தேடப் போனவர்கள்.

"பட்டறையில இல்ல அண்ணாச்சி. தங்கச்சி வீட்லயும் இல்ல."

"பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாருங்கடா."

"பாக்கோம். சனிக்கிழமைல்லா, ஒரே கூட்டம்."

போனை வைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒருவன் காணாமல் போனான். மூன்றாம் நாள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடைத்தான். பிணத்தை அடையாளம் காட்டியவர் சவரிமுத்து. அதை அவர் யாரிடமும் பேசுவதில்லை. இப்போது அந்த முகம் வந்து கொம்பையாவின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. என்ன செய்தும் பிரிக்க முடியவில்லை.

ஐந்தேமுக்கால்.

"தண்ணி குடிக்கீங்களா?"

"வேண்டாம்."

ஐந்து ஐம்பத்தைந்து. எத்தனை பேர் இந்நேரம் போனை எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பார்கள்? இந்தப் பெண்ணிடம் வந்து நேரத்தைப் பாழாக்கிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆறு மணி.

செண்பகவல்லி போனைத் திருப்பி, ஒரு தட்டுத் தட்டினாள்.

சவரிமுத்துவின் சட்டைப் பையில் டிங் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆறு நாள் ஆகிறது. ஒரு நொடி, எல்லாருக்கும் போய்விட்டது என்றே நினைத்து மனசு துள்ளியது. அவசரமாக எடுத்தார். அவள் எண்ணிலிருந்து வந்திருந்தது. அவர் எழுதியதுதான். ஆனாலும் வாசித்தார்.

"மாலை ஆறு மணி. கடை திறந்திருக்கும். குளிர்ந்த பாட்டில் உன்னைக் கூப்பிடும். ஒரே ஒரு கிளாஸ் என்று மனம் சொல்லும். நம்பாதே. இன்று மது வேண்டாம்."

இதை எழுதிய அன்று அவருக்கு எவ்வளவு பெருமை! பங்குச் சாமியார்கூட வாசித்துப் பார்த்துவிட்டு, அனுபவப்பட்டவன் எழுத்து என்று தோளில் தட்டியிருக்கிறார்.

வாசித்து முடித்தபோது வாயில் எச்சில் ஊறியிருந்தது.

விழுங்கினார். மறுபடியும் ஊறியது. மேஜைமேல் இருந்த வலது கையைப் பார்த்தார். விரல்கள் எதையோ பிடித்திருப்பது மாதிரி வளைந்திருந்தன. கையில் ஒன்றும் இல்லை. சட்டென்று அதை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அவள் பார்த்துவிட்டாள்.

"இந்த அஞ்சு நாளும் ஆறு மணிக்கு இந்த ஆசை வந்துச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா. பயம்தான் வந்துச்சு. ஆறு மணிக்கு உக்காந்து பயந்துட்டே..."

யோசிக்காமல் வந்த பதில். பாதியில் நின்றது.



"மூணு வருஷம்" என்றார் சவரிமுத்து.

காகிதத்தில் இருந்த எண்களைப் பார்த்தார்.

"தெனமும். கரெக்டா ஆறு மணிக்கு. இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் நானே குடியை ஞாபகப்படுத்தி..."

குடியை நிறுத்திய முதல் வாரத்தில், உடம்பு உதற, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர் அவர். அன்றைக்கு வந்த பயம்தான் வாழ்க்கையிலேயே பெரியது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். இந்தப் பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. தண்டவாளத்துப் பக்கத்தில் கிடந்தவனின் எண்ணும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அன்றைக்கும் ஆறு மணிக்கு அவனுக்குச் செய்தி போயிருந்தது.

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

செண்பகவல்லி கேட்டாள்.

"கொம்பையா இப்ப இந்தப் படியேறி வந்தார்னா, மொதல்ல என்ன கேப்பீங்க?"

"ஏன்டா குடிச்சேன்னா கேப்பேன்? கேக்கமாட்டேன்." கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "காலையில தின்னதோட போனவன். சாப்ட்டியாய்யான்னு கேப்பேன்."

அவள் அவருடைய போனை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

முகத்திலிருந்து கையை எடுத்து அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"கொம்பையா, சாப்ட்டியாய்யா? சவரிமுத்து."

அனுப்பினார்.

ஆறு ஐந்து.

பதில் இல்லை.

செண்பகவல்லி கணினியில் அலைபேசி நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் திறந்தாள். பழைய வாசகம் இருந்த கட்டம் முழுவதையும் அழித்தாள். காலியான இடத்தில் 'சாப்ட்டியாய்யா?' என்ற ஒரே வார்த்தையும் அடியில் அவர் பெயரும் எழுதினாள். அவருக்குத் தெரியும்படி திரையைத் திருப்பினாள்.

"இதையும் தடுத்துட்டா?"

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, தடுக்க?"

அவரால் சிரிக்க முடியவில்லை. கண் போனிலேயே இருந்தது. ஆறு ஏழு. ஆறு எட்டு. தேடப் போனவர்கள் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று இருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வார்களோ! இத்தனை வருஷம் ஜெபம் சொன்னவருக்கு இப்போது ஒரு ஜெபமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

டிங்.

எடுக்கப் பயந்தார். செண்பகவல்லியும் எடுத்துத் தரவில்லை.

கடைசியில் அவரே எடுத்தார்.

"இன்னும் இல்ல அண்ணாச்சி. ரொம்ப நேரமா கடைக்கு எதுத்தாப்ல நிக்கேன். வீட்ல போயி சாப்பிடுதேன். நீங்க சாப்ட்டீகளா?"