வெயிலுமுத்துவின் இடது காது

குமிழங்குளத்தில் நாலு பேர் இருந்தார்கள். பலவேசம், கொம்பையா, நயினார், வெயிலுமுத்து. நாலு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் வேலையை முடித்துவிடுவார்கள் என்று ஊரில் சொல்வது வழக்கம். நான் கணக்குப் பார்த்தவரையில் முக்கால் ஆள் வேலைதான் தேறும். அதற்கு மேல் சொன்னால் பொய்யாகிவிடும்.

வயதில் மூத்தவர் பலவேசம். ஆகையால் யோசிக்கிற பொறுப்பு அவருக்கு. கொம்பையாவுக்குக் கை வேகம். நயினார், யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சந்தேகம் கேட்பான். வெயிலுமுத்து நல்லவன். அவனைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயிலுமுத்துவின் தங்கை சீனியம்மாளின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. குளத்தின் மேல்கரையில் உள்ள சாஸ்தா கோயிலில் பத்தரை மணிக்கு முகூர்த்தம். குழந்தைக்குத் தாய்மாமன் வெயிலுமுத்து ஒருத்தன்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் எந்தக் காதிலும் ஊசி இறங்காது.

சீனியம்மாள் முந்தின நாளே வந்து அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணே, விருந்துக்கு விரால் வேணும். காலையிலேயே பிடிச்சிருங்க. ஆனா பத்தரைக்கு நீ மடியோட அங்க இருக்கணும். எங்க மாமியா இப்பவே சொல்லுதா, 'உங்க அண்ணன் நேரத்துக்கு வரமாட்டான், நான் என் சின்ன மகன் மடியில வச்சுக் குத்திருவேன்'னு. அப்படி நடந்தா நான் அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து சோறு திங்க?"

"வந்துருவேன் தாயி," என்றான் வெயிலுமுத்து.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாலு பேரும் நாலு தூண்டிலோடு கீழ்கரையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணி வரைக்கும் நாற்பத்தாறு மண்புழு செலவானது. நாற்பத்தாறையும் மீன்கள் நிதானமாகத் தின்றன. ஒரு மீன்கூட மாட்டவில்லை.

"நாம கரைக்குப் பக்கத்துல போடுதோம், மீன் நடுக்குளத்துல நிக்குது. அது எப்படி நம்ம கிட்ட வரும்?" என்று நயினார் சந்தேகம் கேட்டான்.

பலவேசம் யோசித்தார். "தூரமா வீசணும்ல. தூரமா வீசணும்னா நல்லா பின்னால கொண்டுபோய் வீசணும்."

கொம்பையா எழுந்து நின்று தூண்டில் கம்பை நல்லா பின்னால் கொண்டுபோனான். அங்கே வெயிலுமுத்து நின்றுகொண்டிருந்தான். முள் அவனுடைய இடது காதின் சோணையில் ஏறி உட்கார்ந்தது.

கொம்பையா திரும்பிப் பார்க்கவில்லை. கம்பு கனத்தது மட்டும் தெரிந்தது.

"மாட்டிருச்சு," என்றான்.

"மாப்ளே, இழுக்காத," என்றது பின்னால் ஒரு குரல்.

"சும்மா இரு மச்சான், பேசினா நழுவிரும். பெரிய உருப்படி."

"மாப்ளே, நாந்தான் அது."

கொம்பையா திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் தெரிந்தது. மீன் இல்லையே என்ற வருத்தம்.

மூன்று பேரும் வெயிலுமுத்துவைச் சுற்றி நின்று காதைப் பார்த்தார்கள். இரண்டு சொட்டு ரத்தம் வந்திருந்தது. பலவேசம் தலையை ஆட்டினார்.

"பயப்படாதே. மீனுக்கு எப்படிக் கழட்டுவோமோ அதே மாதிரி கழட்டிருவோம். இது நமக்குப் பழகின வேலைதானே."

மீனுக்குக் கழற்றும்போது முதலில் கையை நனைத்துக்கொள்வார்கள். மூன்று பேரும் கையை நனைத்துக்கொண்டார்கள். பிறகு செவுளை அழுத்துவார்கள், மீன் வாயைத் திறக்கும். நயினார் வெயிலுமுத்துவின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் அழுத்தினான். வெயிலுமுத்து வாயைத் திறந்தான். மூன்று பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"வாயில முள்ளைக் காணோமே," என்றான் கொம்பையா.

"நல்லாப் பாரு."

"கடைவாய்ப் பல்லு ரெண்டு இல்ல. முள்ளும் இல்ல."

"அப்ப கழட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டான் நயினார்.

"காதுல இருக்குலே," என்றான் வெயிலுமுத்து, திறந்த வாயோடு.

"காதுல மாட்டின மீனை நாம கண்டதில்லையே," என்றார் பலவேசம். அது உண்மைதான். அதோடு அந்த வழி அடைபட்டது.

"தூண்டில் நரம்பை அத்துவிட்டுருவோமா? அவன் பாட்டுக்குக் கோயிலுக்குப் போவான்," என்றான் நயினார்.

பலவேசம் கண்டிப்பாக மறுத்தார். "நரம்பை அத்துக்கிட்டு ஒரு மீன் போனா முள்ளு யாருக்குச் சொந்தம்? மீனுக்கு. அதுதான் இந்தக் குளத்து வழக்கம். இப்ப முள்ளு கொம்பையாது. அத்துவிட்டா வெயிலுமுத்துது ஆயிரும். சிநேகிதத்துக்குள்ள அப்படி ஒரு வில்லங்கம் வேண்டாம்."

"எனக்கு முள்ளு வேண்டாம்," என்றான் வெயிலுமுத்து.

"கேட்டியா, அவனே வேண்டாங்கான்," என்றார் பலவேசம்.

அந்த நேரம் கரைமேல் ஒரு வாத்துக்காரர் வந்தார். அவரிடம் இருநூற்றுப் பன்னிரண்டு வாத்துகள். காதைப் பார்த்தார், நாலு பேரையும் பார்த்தார்.

"வந்த வழியே பின்னால இழுத்துராதீங்க. காது கிழிஞ்சிரும். முன்னால தள்ளணும். மறுபக்கம் வர்ற வரைக்கும் நிறுத்தாம தள்ளணும். மறுபக்கம் வந்ததும் நறுக்கிட்டு எடுத்தா வெண்ணெய் மாதிரி வந்துரும்," என்றார்.

கூட நின்று செய்து கொடுத்திருப்பார். ஆனால் வாத்துகள் யாருடைய வயலுக்கோ இறங்கிக்கொண்டிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டும். அவர் ஓடிப்போனார்.

மணி ஒன்பதே முக்கால்.

"விளங்கிச்சா?" என்றார் பலவேசம். "பின்னால இழுக்கக் கூடாது. முன்னால தள்ளணும்."

பலவேசமும் நயினாரும் வெயிலுமுத்துவின் முதுகில் ஆளுக்கு இரண்டு கை வைத்து முன்னால் தள்ளினார்கள். முன்னால் குளம் இருந்தது.

"அண்ணாச்சி, தண்ணி," என்றான் வெயிலுமுத்து.

"மறுபக்கம் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

மாசி மாதம் ஆனதால் தண்ணீர் இடுப்பளவுதான். இரண்டு இடத்தில் கழுத்தளவு. முன்னால் வெயிலுமுத்து போனான், பின்னால் இரண்டு பேர் தள்ளிக்கொண்டே போனார்கள். கடைசியில் கொம்பையா, நரம்பு இழுபடாதபடி கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. காதுக்கும் கம்புக்கும் நடுவில் பதினோரு அடி நரம்பு. நடுக்குளத்தில் நயினார் ஒரு சந்தேகம் கேட்டான். "இன்னும் முள்ளு அசையலையே?" "இன்னும் மறுபக்கம் வரலையே," என்றார் பலவேசம்.

மேல்கரையில் சாஸ்தா கோயில் முன்னால் எல்லாரும் கூடியிருந்தார்கள். மணி பத்து இருபது. சீனியம்மாளின் மாமியார் சின்ன மகனுக்குப் புது வேட்டியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அவள்தான் முதலில் குளத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி சீனி, அங்க பாரு. உங்க அண்ணனைப் பிடிச்சிட்டு வாராங்க," என்றாள்.

"நேரத்துக்கு வாரான்லா அத்தை," என்றாள் சீனியம்மாள். அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

நாலு பேரும் சொட்டச் சொட்டக் கரையேறினார்கள். பலவேசம் நேரே சமையற்காரரிடம் போனார்.

"அரிவாமணையை ஒரு நிமிஷம் குடுங்க."

"எதுக்கு?"

"இவனை மறுபக்கம் கொண்டுவந்தாச்சு. இனி நறுக்கணும்."

சமையற்காரர் அரிவாள்மணையை எடுத்து, அதன் மேல் உட்கார முடியாததால், அதை ஒரு அண்டாவுக்குள் போட்டு அண்டாவின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

காது குத்த வந்த வேலாயுத ஆசாரி எழுந்து வந்தார். நிதானமான மனிதர். வெயிலுமுத்துவின் காதை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார்.

"இது ஒண்ணுமில்ல. முள்ளை அப்படியே முன்னால கொடுத்தா முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். கம்பி வெட்டுற குறடால முனையைத் துண்டிச்சா மிச்சம் தானா உருவி வந்துரும். ரெண்டு நிமிஷம். உக்காரு."

வெயிலுமுத்து உட்காரப் போனான். நயினார் கையை நீட்டித் தடுத்தான்.

"ஆசாரி, ஒரு சந்தேகம். முள்ளை எடுத்தா காதுல ஓட்டை இருக்குமா?"

"இருக்கும்."

"சாஸ்தா கோயில்ல, முகூர்த்தத்துல, ஆசாரி கையால ஒருத்தனுக்குக் காதுல ஓட்டை விழுந்தா அதுக்குப் பேரு என்ன?"

ஆசாரி யோசித்தார். நாற்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை. "காதுகுத்து," என்றார், கொஞ்சம் தயங்கி.

"அப்ப தாய்மாமன் மடி வேண்டாமா?"

கூட்டம் முழுக்க வெயிலுமுத்துவின் காதைப் பார்த்தது. ஏனென்றால், வெயிலுமுத்துவுக்கு இந்த நாற்பத்து மூன்று வயது வரைக்கும் காது குத்தவில்லை. ஒரு வயதில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அன்றைக்கு மாலையை முதலில் யாருக்குப் போடுவது என்று சண்டை வந்து, அவனுடைய தாய்மாமன் சொள்ளமுத்து கோபித்துக்கொண்டு போய்விட்டார். மடி போய்விட்டதால் காதுகுத்தும் நின்றுபோனது.

சொள்ளமுத்து மாமா அங்கேதான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வயது எழுபத்தெட்டு. எடை முப்பத்தொன்பது கிலோ, அதுவும் செருப்போடு. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு வந்தார்.

"நானும் நாப்பத்திரண்டு வருசமாக் காத்துட்டுத்தான் இருக்கேன். ஒரு பயலும் கூப்பிடல," என்றார். "மாலை எங்க?"

மாலையை முதலில் அவருக்குப் போட்டார்கள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மடியில் வெயிலுமுத்து உட்கார்ந்தான். வெயிலுமுத்து எண்பத்திரண்டு கிலோ, குளத்துத் தண்ணீர் தனி.

மணி பத்து இருபத்தெட்டு.

"பிள்ளையோட முகூர்த்தம் போகுதே," என்றாள் சீனியம்மாள். மாமியார் புது வேட்டியை விரித்துச் சின்ன மகனிடம் நீட்டினாள். "கட்டிக்க ராசா. அந்த மடி வேற வேலையா இருக்கு."

இங்கேதான் பலவேசம் தன் வாழ்நாளிலேயே ஒரே ஒரு தடவை வேகமாக யோசித்தார்.

"வெயிலுமுத்து அவன் மாமன் மடியில இருக்கான். ஆனா அவன் மடி காலியாத்தானே இருக்கு?"

சீனியம்மாள் ஒரே எட்டில் குழந்தையைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தாள். சரியாகப் பத்தரை. கீழே சொள்ளமுத்து மாமா, அவர் மேல் வெயிலுமுத்து, அவன் மேல் குழந்தை. சின்ன மகன் வேட்டியை மடித்து வைத்துவிட்டான். அவனுக்கும் நிம்மதிதான்.

ஆசாரி மூப்பு முறைப்படி வெயிலுமுத்துவிலிருந்து ஆரம்பித்தார். முள்ளை முன்னால் கொடுத்தார். முனை எட்டிப் பார்த்தது. குறடு ஒரு தடவை 'டக்' என்றது. மிச்சம் வெண்ணெய் மாதிரி வந்தது. வெயிலுமுத்து "ஆத்தாடி" என்றான். ஓட்டையில் ஒரு துண்டு வேப்பங்குச்சியைச் செருகினார். பிறகு குழந்தையின் இரண்டு காதையும் குத்திக் கம்மலைப் போட்டார். குழந்தை இரண்டு தடவை அழுதது, காதுக்கு ஒன்று வீதம். பிறகு மாமனின் காதுக் குச்சியைப் பார்த்துச் சிரித்தது.

மேலிருந்து ஒவ்வொருவராக எடுத்தார்கள். முதலில் குழந்தை, பிறகு வெயிலுமுத்து. கடைசியில் சொள்ளமுத்து மாமாவை இரண்டு பேர் பிடித்து நிமிர்த்தினார்கள். சப்பையாக இருந்தார், ஆனால் சந்தோஷமாக இருந்தார்.

சீனியம்மாள் முகம் மலர்ந்து நின்றாள். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை.

"மூணு காது குத்தியிருக்கு," என்றாள். "சடங்குல ஒத்தைக் காதை விட்டுட்டு எழுந்திரிச்சா பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா? எனக்குத் தெரியல. நான் ஒண்ணும் சொல்லல."

சீனியம்மாளின் முகம் மறுபடி வாடியது. "அண்ணே, அந்த வலது காதையும் முடிச்சிரு. முகூர்த்தம் போனாலும் நல்ல நேரம் பன்னிரண்டு வரைக்கும் இருக்கு."

ஆசாரி ஊசியை எடுத்தார். "வா, அதையும் குத்திருதேன்."

பலவேசம் குறுக்கே வந்தார். "அது எப்படி ஆசாரி? ஒரு காதுக்குத் தூண்டில் முள்ளு, ஒரு காதுக்கு ஊசியா? வண்டிக்கு ஒரு பக்கம் மரச்சக்கரம், ஒரு பக்கம் டயர் போடுவாங்களா?"

"அதானே," என்றான் கொம்பையா. நயினார்கூடச் சந்தேகம் கேட்கவில்லை.

ஆசாரி ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

நாலு பேரும் குளத்தில் இறங்கி மறுபடி கீழ்கரைக்குப் போனார்கள். வெயிலுமுத்து காலையில் நின்ற அதே இடத்தில், வலது காது குளத்தைப் பார்க்கும்படி திரும்பி நின்றான். கொம்பையா நயினாரின் தூண்டிலை வாங்கிக்கொண்டான். அதே கடையில், அதே நாளில் வாங்கிய முள். புழு வைக்கவில்லை. காதுக்கு எதற்குப் புழு? கம்பை நல்லா பின்னால் கொண்டுபோனான். முள் காதுக்கு நாலு விரற்கடை மேலே போய், திரும்பி, நடுக்குளத்தில் விழுந்தது. விழுந்ததும் கம்பு வளைந்தது.

ஒன்றரைக் கிலோ விரால்.

"சனியன்," என்றான் கொம்பையா. கையை நனைத்து, செவுளை அழுத்தி, முள்ளைக் கழற்றி, அதைத் தண்ணீரில் விட்டான்.

மறுபடி வீசினான். மறுபடி விரால். அதையும் விட்டான். பன்னிரண்டு மணிக்குள் இருபத்து மூன்று தடவை வீசினான், இருபத்து மூன்று விரால். ஒரு கிலோவுக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கழற்றித் தண்ணீரில் விட்டார்கள். மேல்கரையில் விருந்தாளிகள் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்ல நேரமும் முடிந்தது. வலது காது அப்படியே இருந்தது. வெயிலுமுத்து அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"விடு. வியாழக்கிழமை இன்னொரு முகூர்த்தம் இருக்கு," என்று பலவேசம் அவன் தோளைத் தட்டினார். "ஆனா இந்தக் குளம் சரிப்படாது. மீன் தொந்தரவு ஜாஸ்தி. அதுக்குள்ள மீனே இல்லாத குளமா ஒண்ணு பாக்கணும்."