கற்பூரத் தட்டு யாருக்கு?

ஒரே வளாகத்தில் மூன்று நீதிமன்றங்கள் இருந்தன. வரப்புத் தகராறு முன்சீப்புக்கு, அடிதடி மாஜிஸ்திரேட்டுக்கு, கொலை செஷன்ஸுக்கு. செஷன்ஸ் கோர்ட் சேவகரான டவாலி அருமைநாயகத்திற்குச் சிவப்புப் பட்டையும் வெள்ளித் தடியும் உண்டு; ஆயினும் வழி கேட்போரெல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட் டவாலி பலவேசத்தையே தேடினர். அருமைநாயகத்தின் வயிறு எரிந்தது.

ஆயுத பூஜையில் ஆண்டுதோறும் அருமைநாயகம் ஏந்தும் கற்பூரத் தட்டை அந்த ஆண்டு பலவேசம் ஏந்தட்டும் என்று குமாஸ்தாக்கள் கூறினர். அருமைநாயகத்திற்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏலே பலவேசம், உங்க கோர்ட்டுல ஒரு கொலைகாரனுக்காவது தூக்குப் போட்டதுண்டா? ஒருத்தனைக் காட்டு, தட்டு உனக்கு. இல்லையின்னா கேட்டுக்கு வெளியே நில்லு!"

"காட்ட முடியாது அண்ணாச்சி," என்றார் பலவேசம் பணிவாக. "எங்க வாசலை மிதிக்காம நேரா உங்க கோர்ட்டுக்கு வந்த கொலைகாரன் ஒருத்தனை நீங்க காட்டுங்க. நான் இப்பமே வெளியே போயிருதேன்."

"ஏன், நூறு பேரைக் காட்டுவேன்!" என்று அருமைநாயகம் மார்தட்டினார்.

பூஜைக்கு வந்திருந்த செஷன்ஸ் நீதிபதி வாய்விட்டுச் சிரித்தார். "எங்கேயிருந்து காட்டுவீர்? மாஜிஸ்திரேட் விசாரித்து அனுப்பாமல் எந்தக் கொலை வழக்கையும் நானே தொட முடியாதே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அருமைநாயகம் தட்டைப் பலவேசத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

அப்போது வெளியூர்க்காரர் ஒருவர் அவருடைய சிவப்புப் பட்டையைக் கண்டு அருகில் வந்தார். அருமைநாயகம் நிமிர்ந்து நின்றார்.

"ஐயா, இங்கே பலவேசம்னு ஒருத்தர்..."

அருமைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு கை நீட்டினார்.

"அந்தா, தட்டோட நிக்காரே, அவருதான்!"