ஆந்தைப்பாறைக் கணக்கு

நாவல்காட்டில் தொப்பையன் என்ற கரடி ஒரு பெட்ரோல் கார் வைத்திருந்தது. அது கிளம்பினால் காடே அதிரும். பக்கத்துப் புதரில் இருந்த ஊசியம்மா என்ற முள்ளம்பன்றி, தன் கிழங்குத் தோட்டத்தில் பாதியைக் கொடுத்துப் புதிதாக ஒரு மின்சாரக் கார் வாங்கியது. அது வருவது எதிரே நிற்கும் முயலுக்குக்கூடக் கேட்காது.

"சத்தம் போடாத வண்டியும் ஒரு வண்டியா?" என்று சிரித்தது கரடி.

"உன் வண்டி பசியில் கத்துகிறது! தினமும் அதற்கு எவ்வளவு தேன் ஊற்றுகிறாய்?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

அது கேட்டதும் சரிதான். பெட்ரோல் பங்க் நடத்திய உடும்பு வரதப்பன் பெட்ரோலுக்குத் தேன்தான் கேட்கும். கரடி தினமும் மீன் பிடிக்கக் குளத்துக்குக் காரில் போய்வரும். அதற்கே ஒரு குடுவைத் தேன் போய்விடும். முள்ளம்பன்றியும் அதே குளத்துக்குத்தான் போய்வந்தது. ஆனால் அருவியில் மின்சாரம் எடுக்கும் நீர்நாய்க்கு ஒரு பிடி கிழங்கு கொடுத்தால் போதும், அதன் கார் சார்ஜ் ஏறிவிடும்.

இந்தப் பேச்சைக் கேட்ட உடும்பு யோசித்தது. கரடியும் மின்சாரத்துக்கு மாறிவிட்டால் தேனுக்கு எங்கே போவது?

"எதற்கு வாய்ச்சண்டை? ஓட்டிப் பார்த்துவிடுவோம்!" என்றது உடும்பு. "இரண்டு பேரும் ஆந்தைப்பாறை வரை போய்வாருங்கள். நடுவில் சார்ஜ் போடக் கூடாது! எந்த வண்டி நல்ல வண்டி என்று தெரிந்துவிடும்!"

ஆந்தைப்பாறை காட்டின் மறுகோடியில், செங்குத்தான மலைமேல் இருந்தது. முள்ளம்பன்றிக்கு உள்ளூரப் பயம்தான். ஆனால் எல்லா விலங்குகளும் பார்த்துக்கொண்டு நின்றன.

"அதற்கென்ன! போகலாம்!" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சொன்னது.

மறுநாள் காலை இரண்டு கார்களும் கிளம்பின. முக்கால்வாசி மலை ஏறியதும் மின்சாரக் கார் சார்ஜ் தீர்ந்து அப்படியே நின்றுவிட்டது. உச்சி வரை போய்த் திரும்பிய கரடிதான் பாவம் பார்த்து, கொடியால் கட்டி இழுத்து வந்தது.

"பெட்ரோல்தான் ஜெயித்தது!" என்று கூவியது உடும்பு. முயல்கள் கைதட்டின. முள்ளம்பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

கரடி மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. அங்கே அதன் குட்டிகள் காலிப் பானையை நக்கிக்கொண்டிருந்தன. மலை ஏறி இறங்கிய பெட்ரோலுக்கு வீட்டில் இருந்த கடைசித் தேனும் போயிருந்தது.

"நான்தான் ஜெயித்தேன்," என்றது கரடி மெதுவாக.

"சரி, ஆந்தைப்பாறைக்கு நாம் எப்போது போவோம்?" என்று கேட்டது அதன் மனைவி செம்பாயி.

"வருஷத்துக்கு ஒரு தடவை. திருவிழாவுக்கு."

"குளத்துக்கு?"

"தினமும்."

"பிறகு எதற்கய்யா ஆந்தைப்பாறைக் கணக்கு?"

கரடி தலையைச் சொறிந்தது. மறுநாள் நேரே முள்ளம்பன்றியிடம் போனது.

"ஊசியம்மா, ஒரு வாரம் உன் வண்டியைக் குளத்துக்கு ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"நேற்றுதானே அது தோற்றது?"

"தோற்றது மலையில்! நான் மீன் பிடிப்பது குளத்தில்!"

முள்ளம்பன்றி முள் அதிரச் சிரித்தது. சாவியைக் கொடுத்தது.

அந்த வாரம் முழுக்கக் கரடி நீர்நாய்க்குக் கிழங்குதான் கொடுத்தது. பானையில் தேன் ஏறியது. குட்டிகளின் முகமெல்லாம் தேன்! கரடி தன் பெட்ரோல் காரை ஆந்தைப்பாறையில் வாழும் வரையாட்டுக்கு விற்றது. தினமும் மலைமேல் சுமை ஏற்றும் வரையாட்டுக்கு அதுதான் வசதி. மலையில் சார்ஜ் போட இடமே கிடையாது. கிடைத்ததோடு கொஞ்சம் தேனும் சேர்த்துக் கொடுத்து, கரடி ஒரு மின்சாரக் கார் வாங்கியது.

உடும்பு ஓடி வந்தது. "திருவிழாவுக்கு எப்படிப் போவாய்?"

"வரையாட்டின் காரில் தொற்றிக்கொண்டு போவேன்!" என்றது கரடி.

உடும்பு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. மறுவாரம் அதன் பங்க் வாசலிலேயே சார்ஜ் போடும் பெட்டி ஒன்று முளைத்தது!

என்றோ ஒருநாள் போகும் வழியை வைத்து அல்ல, தினமும் போகும் வழியை வைத்தே எது சிக்கனம் என்று முடிவு செய்ய வேண்டும்.