மருந்து நாள்

செங்கமலத்தம்மாளின் மடத்தில் ஆவுடையப்பனுக்கு அது பதினோராவது வருஷம். தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றதும் நேராக இங்கே வந்தவர். குருவான அம்மாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். விடிவதற்குள் எழுந்து கூடத்தைப் பெருக்கிவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்தாரானால் ஏழு மணிவரை இமை அசையாது.

அம்மா அதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஏழு மணிக்குக் கோமதிநாயகத்தின் அறைக்குப் போய்விடுவார்.

கோமதிநாயகம் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியார். காதுக்குள் குரல் கேட்கும் நோய் வந்து, வேலை போய், வீட்டிலும் இருக்க முடியாமல் நாலு வருஷத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தார். குளிக்க, சாப்பிட, சட்டை மாற்ற, எதற்கும் அவருக்குக் கை எழாது. அம்மா பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். எழுந்திரு என்று சொல்வதுகூட இல்லை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துக் கோமதிநாயகம் தானே எழுந்து கிணற்றடிக்கு வருவார்.

அதுவரை ஆவுடையப்பன், பெருக்கிய கூடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருப்பார். வயிறு எரியும்.

ஒரு புதன்கிழமை கேட்டேவிட்டார்.

"அம்மா, மனசு அடங்கினவனுக்கு உங்ககிட்ட நேரம் இல்லை. அடங்காதவனுக்குத்தான் இருக்கா?"

அம்மா கோமதிநாயகத்தின் அறைப் பக்கம் கை காட்டினார்.

"நாளைக்கு அவருக்கு மருந்து நாள். நீங்க கூட்டிட்டுப் போங்க, ஐயா."

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு வெளியே இருவரும் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகம் சுவரைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே போனதும் டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். ஆவுடையப்பனிடம் திரும்பினார்.

"சாப்பாடு தானா எடுத்துச் சாப்பிடுறாரா? கூட இருக்கிறவங்ககிட்ட பேசுறாரா?"

ஒரே கூரையின் கீழ் நாலு வருஷம். ஆவுடையப்பனுக்குப் பதில் தெரியவில்லை.

டாக்டரம்மா மாத்திரை அட்டைகளை வாங்கி எண்ணினார்.

"பத்து நாள் மாத்திரை அப்படியே இருக்கே?"

பத்து நாளுக்கு முன், அம்மா வெளியூர் போயிருந்த அன்று, கிணற்றடியில் வைத்து ஆவுடையப்பன்தான் கோமதிநாயகத்திடம் சொன்னார்: "இன்னும் எத்தனை நாளைக்கு மாத்திரை? மனசைக் கட்டினா எல்லாம் சரியாப்போகும். என்னைப் பாரும்." அக்கறையால் சொன்னதல்ல. இவன் ஒன்று தேற வேண்டும், இல்லையென்றால் இங்கிருந்து போக வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஏழு மணிக்கு அம்மா கூடத்துக்கு வந்துவிடுவார்.

கோமதிநாயகம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மறந்துட்டேன்" என்றார்.

"குரல் கூடியிருக்கா?"

"கூடியிருக்கு. ரெண்டு நாளா கிணத்துல எறங்கச் சொல்லுது."

டாக்டரம்மா நெடுநேரம் பேசினார். மாத்திரையை விடவே கூடாது, இனி இன்னொருவர் கையால் கொடுக்க வேண்டும், அந்தக் குரல் மறுபடி அப்படிச் சொன்னால் அந்த நிமிஷமே கூட்டி வர வேண்டும் என்றார். குரல் அடங்கும்வரை அவரைத் தனியே விடக் கூடாது என்றார். ஆவுடையப்பன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் ஆவுடையப்பனுக்கு வாய் வந்தது.

"நான் சொல்லித்தான் நீர் மாத்திரையை விட்டீர்னு ஏன் சொல்லலை?"

"நீங்க சொன்னது நிஜமா இருக்கணும்னு எனக்கும் ஆசை, அண்ணாச்சி."

பஸ் வரவில்லை. கோமதிநாயகமே மேலும் பேசினார்.

"போன வாரம் சாம்பார்ல உப்பு இல்லைன்னு சமையல்கட்டுல சண்டை போட்டீங்களே. படுத்துக்கிட்டே கேட்டேன். எனக்கு நாலு வருஷமா உப்பு இருக்கா இல்லையான்னே தெரியலை. உங்களை நெனச்சா அவ்வளவு பொறாமையா இருந்தது."

பஸ் வந்ததும் ஆவுடையப்பன் அவரை முதலில் ஏற்றிவிட்டார்.

மடத்துக்கு வந்ததும் கோமதிநாயகத்தைச் சமையல்காரர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, அம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கிணற்றடியில் பேசியதையும், ஏன் பேசினார் என்பதையும், குரல் கிணற்றில் இறங்கச் சொல்வதையும். கேட்டு முடித்ததும் அம்மா எழுந்து போய்க் கிணற்று மூடியைப் பூட்டினார். திரும்பி வந்து மாத்திரைப் பையை எடுத்து ஆவுடையப்பன் மடியில் வைத்தார்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் நிறுத்தினார். இனி உங்க கையாலேயே குடுங்க."

"சரிம்மா."

ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் அந்த ஏக்கம் உள்ளே இருந்தது. வெட்கத்தோடுதான் கேட்டார்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பக்கத்துலயும் வந்து உட்காருவீங்களா?"

"கண்டிப்பா வர்றேன், ஐயா. உங்களால பாயை விட்டு எழுந்திருக்க முடியலைன்னா, அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க."

ஆவுடையப்பன் மடியில் கிடந்த பையை எடுத்துக்கொண்டு கோமதிநாயகம் இருந்த சமையல்கட்டுக்குப் போனார்.